அண்ணன் அனுப்பிய பணத்தில் மாட்ரிட் படிப்பு: ஹொசே ரிசால், 1882–1885

ஹொசே ரிசால் பிலிப்பைன்ஸின் தேசிய நாயகர். அப்போது அந்தத் தீவுகளை ஆண்ட ஸ்பானிய அரசு அவரைச் சுட்டுக் கொன்ற டிசம்பர் 30 அங்கே இன்றும் அரசு விடுமுறை. அந்த முடிவு பலருக்குத் தெரிந்ததுதான். இங்கே எடுத்துக்கொள்வது அதற்கு வெகு முன்பு, 1882 முதல் 1885 வரை அவர் ஸ்பெயினில் மாணவராக இருந்த காலத்தை மட்டும். வெளிநாட்டுப் படிப்பு என்பது ஒரு குடும்பத்துக்குள் எப்படி நடக்கிறது என்று பார்க்க இது நல்ல எடுத்துக்காட்டு. டைரி இருக்கிறது, வீட்டுக்கும் வீட்டிலிருந்தும் போய்வந்த கடிதங்கள் இருக்கின்றன, பாடவாரியாக வாங்கிய மதிப்பு இருக்கிறது, லாட்டரிச் சீட்டுக்குக் கொடுத்த காசு உட்படச் செலவுக் குறிப்புகளும் இருக்கின்றன.

இவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒன்று தெரிகிறது. படிக்கப் போனவர் ஒருவர், அந்தப் படிப்பை நடத்தியவர் இன்னொருவர். கலாம்பா ஊரில் கரும்பையும் நெல்லையும் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் பாசியானோவைக் கழித்துவிட்டால் மாட்ரிட் கதையில் பாதிக்குமேல் புரியாது.

கிளம்பிய காரணம்

பாசியானோ ஹொசேயைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் மணிலாவில் படித்தவர்தான். அப்போது தங்கியிருந்தது ஹொசே பூர்கோஸ் என்ற பாதிரியார் வீட்டில். 1872 பிப்ரவரி 17 அன்று, கவீதே படைக்கலகத்தைத் தூண்டியதாகக் குற்றம்சாட்டி, பூர்கோஸையும் வேறு இரண்டு பாதிரியார்களையும் ஸ்பானிய அரசு பொது இடத்தில் கழுத்தை நெரித்துக் கொன்றது. பாசியானோவின் படிப்பு அத்தோடு நின்றது. குடும்பத்தின் புழக்கப் பெயரான மெர்க்காதோ அதிகாரிகள் கண்ணில் பட்டுவிட்ட பெயராகிவிட்டதால், அதே ஆண்டு பள்ளியில் சேர்ந்த தம்பி ரிசால் என்ற பெயரைப் பயன்படுத்தினார். வீட்டில் மற்றவர்கள் மெர்க்காதோவாக இருக்க, இவர் மட்டும் ரிசால் ஆனது இப்படித்தான்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் மேலே படிக்க அனுப்ப வேண்டாம் என்று அம்மா தடுத்தார். இவன் இன்னும் அதிகம் கற்றுக்கொண்டால் தலை போய்விடும் என்று அந்த அம்மாள் சொன்னதை ரிசாலே நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அப்பா கேட்கவில்லை, அனுப்பிவிட்டார்.

சாந்தோ தொமாஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம். அதை நடத்தியது தொமினிக்கன் துறவிச் சபை. கலாம்பாவில் குடும்பம் குத்தகைக்கு உழுத நிலமும் அதே சபையின் சொத்து. மகனுக்கு மார்க் போடுகிறவர்களும் அப்பாவிடம் குத்தகை வாங்குகிறவர்களும் ஒரே சபைக்காரர்கள் என்ற நிலையை யோசித்துப் பாருங்கள். அங்கே அவர் வாங்கிய மதிப்பு சுமார்தான். உள்ளூர் மாணவர்களை ஆசிரியர்கள் நடத்திய விதம் அவருக்குக் கசந்தது. அம்மாவுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டிருந்ததால் கண் மருத்துவம் படிக்க வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. ஸ்பெயினுக்குப் போவது என்று அண்ணனும் தம்பியும் பேசி முடிவெடுத்தார்கள். பெற்றோரிடம் சொல்லவில்லை.

1882 மே 3 அன்று சிங்கப்பூர் கப்பலில் ஏறியபோது அவருக்கு 21 வயதுகூட நிறையவில்லை. பாஸ்போர்ட்டில் பெயர் ஹொசே மெர்க்காதோ. வழிச்செலவுக்கு 350 பெசோவுக்குச் சற்று மேல் பாசியானோ கொடுத்திருந்தார். அக்கா ஒருத்தி வைர மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். சிங்கப்பூரில் பிரெஞ்சுக் கப்பலுக்கு மாறி, இலங்கையில் காலியையும் கொழும்பையும் தொட்டு, ஏடன், சூயஸ், நேப்பிள்ஸ் வழியாக மார்சேய் போய்ச் சேர்ந்தார். காலி அழகாக இருந்தாலும் ஆளரவமில்லாமல் சோகமாக இருந்ததாம். கொழும்பு மணிலாவையும் சிங்கப்பூரையும்விட நேர்த்தியாக இருந்ததாம். டைரியில் இப்படித்தான் குறித்திருக்கிறார். மார்சேயிலிருந்து ரயிலேறி ஜூன் 16 அன்று பார்சிலோனாவில் இறங்கினார்.

மொழி தெரிந்த அந்நியர்

வெளிநாட்டு மாணவர்கள் பற்றிய பேச்சு பெரும்பாலும் மொழியில் தொடங்கி மொழியிலேயே முடியும். இவர் விஷயத்தில் அந்தச் சிக்கலே இல்லை. ரிசால் சிறுவயதிலிருந்தே ஸ்பானிய மொழியில் படித்தவர். 18 வயதில் மணிலாவில் நடந்த கவிதைப் போட்டியில் ஸ்பானிய மொழியில் எழுதி முதல் பரிசு வாங்கியவர். செர்வாந்தெஸும் இலத்தீனும் அவருக்கு வகுப்புப் பாடங்கள்.

அப்படியும் பார்சிலோனாத் தெருவில் நடந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சீனர் என்றார்கள், ஜப்பானியர் என்றார்கள், அமெரிக்கர் என்றும் சொன்னார்கள். பிலிப்பினோ என்று ஒருவரும் சொல்லவில்லை. ஸ்பெயின் அந்தத் தீவுகளைப் பிடித்து 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. தன் நாட்டைப் பற்றி இங்கே யாருக்கும் எதுவும் தெரியவில்லையே என்று டைரியில் நொந்துகொண்டார். சில வாரங்களிலேயே நாட்டுப்பற்று பற்றிக் கட்டுரை எழுதி மணிலாவுக்கு அனுப்பினார். ஆகஸ்ட் 20 அன்று அது ஸ்பானியம், மணிலா வட்டார மொழியான தகலோக் இரண்டிலும் அச்சானது. மாட்ரிட்டில் கல்லூரி சேர்வதற்கு முன்பே அவர் எழுத ஆரம்பித்துவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்குள் வீட்டிலிருந்து பாசியானோவின் கடிதம் வந்து சேர்ந்தது. தம்பி போய்விட்ட செய்தி கேட்டு அப்பா எப்படி உடைந்துபோனார் என்பது அதில் இருக்கிறது. அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. நீ போனதன் முக்கிய நோக்கம் அந்த மருத்துவப் படிப்பை முடிப்பது அல்ல, அதைவிடப் பயனுள்ள வேறு விஷயங்களைக் கற்பது என்ற பொருள்பட அண்ணன் எழுதினார். பூர்கோஸ் சாவுக்குப் பிறகு படிப்பை விட்டவர் இதை எழுதுகிறார். என்ன விஷயங்கள் என்று அவர் விரித்துச் சொல்லவில்லை, தம்பிக்குச் சொல்லத் தேவையும் இருந்திருக்காது. பணம் கட்டுகிறவர் படிக்கிறவரிடம் பட்டத்தைக் கேட்காமல் வேறெதையோ கேட்பது அபூர்வம். இந்தக் கதையின் அச்சாணி இந்தக் கடிதம்தான் என்பது என் கருத்து.

பணம்

1882 நவம்பர் 3 அன்று மாட்ரிட் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகளில் சேர்ந்தார்: மருத்துவம் ஒன்று, தத்துவமும் இலக்கியமும் இன்னொன்று. மருத்துவ வகுப்புகள் அதோச்சா தெருவில் சான் கார்லோஸில். மற்றவை சான் பெர்னார்தோ தெருவில். இரண்டுக்கும் இடையே நடந்தால் அரைமணி நேரம். அதோடு சான் பெர்னாந்தோ கலைக் கழகத்தில் ஓவியம், வெளியே வாள்வீச்சுப் பயிற்சி, பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம். இன்றைய கல்வி ஆலோசகர் யாராவது இந்தப் பட்டியலைப் பார்த்தால் பாதியை வெட்டச் சொல்வார்.

வீட்டிலிருந்து மாதம் 50 பெசோ வரவேண்டும். கொஞ்ச காலத்தில் அது 35 ஆகக் குறைந்தது. காரணம் கலாம்பாவில் இருந்தது. வறட்சி, வெட்டுக்கிளி, அதனால் நெல்லும் கரும்பும் சரியாக வரவில்லை. 1882இல் மணிலாவிலும் சுற்றுவட்டாரத்திலும் காலரா வேறு. விளைச்சல் இல்லாத நேரம் பார்த்துப் பண்ணை நிர்வாகி குத்தகையையும் ஏற்றினார். அதற்கு வாழ்க்கை வரலாறுகளில் ஒரு காரணம் சொல்லப்படுகிறது: ரிசாலின் அப்பா வளர்த்த வான்கோழிகளை நிர்வாகி அவ்வப்போது கேட்டு வாங்கிக்கொள்வாராம்; நோய் வந்து வான்கோழிகள் செத்துப்போக, அப்பா இல்லையென்று சொல்ல, நிர்வாகிக்குக் கோபம் வந்துவிட்டதாம். மாட்ரிட்டில் ஒரு மாணவனின் சாப்பாடு கலாம்பாவின் வான்கோழிகளைச் சார்ந்திருந்தது என்று சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் குத்தகை நிலத்தை நம்பிப் படிப்பவர்களின் நிலை எங்கேயும் கிட்டத்தட்ட இதுதான்.

பணம் குறைந்ததைவிடத் தாமதம்தான் அதிகம் படுத்தியது. கப்பல் தபால் போய்ச் சேரவே ஒரு மாதத்துக்கு மேல். தம்பி கையில் காசில்லை என்று எழுதி, அண்ணன் அதைப் படித்து, பணம் புரட்டி அனுப்பி, அது மாட்ரிட் வந்து சேர மூன்று மாதமாவது ஆகும். சில மாதங்களில் பணம் வரவே இல்லை. ஒருமுறை ஊரில் ரிசால் விட்டுவந்த குதிரைக்குட்டியை விற்றுப் பாசியானோ பணம் அனுப்ப வேண்டியிருந்தது.

இங்கே தம்பியும் கணக்கோடுதான் இருந்தார். அறையை மாற்றிக்கொண்டே இருந்தார், புத்தகங்களைப் பழைய கடைகளில் வாங்கினார். மாட்ரிட்டில் குளிக்கக்கூடக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று வீட்டுக்குப் புலம்பினார். தினம் குளித்துப் பழகிய ஊர்க்காரருக்கு அது பெரிய குறை. கூட இருந்த பிலிப்பினோ இளைஞர்கள் பலர் சூதாட்டத்திலும் கேளிக்கையிலும் பணத்தை விட, இவருக்கு இருந்த ஒரே பலவீனம் லாட்டரி. ஸ்பெயின் நாணயத்தில் மாதம் மூன்று பெசெட்டாவுக்காவது சீட்டு வாங்கிவிடுவார். அப்பாவுக்கும் அந்தப் பழக்கம் உண்டாம்.

மதிப்பெண் சொல்வது

1884 ஜூன் 21 அன்று மருத்துவத்தில் பட்டம் கிடைத்தது. மொத்த மதிப்பு வெறும் ‘தேர்ச்சி’. பாடவாரியாகப் பார்த்தால் மகப்பேறு போன்றவற்றில் சுமார், சட்ட மருத்துவத்தில் மிகச் சிறப்பு. மறுபக்கம் கிரேக்கம், இலக்கியம், அரபு மொழி எல்லாவற்றிலும் மிகச் சிறப்பு, சிலவற்றில் பரிசும். 1885 ஜூனில் தத்துவ, இலக்கியப் பட்டம் முதல் தரத்தில் வந்தது. மருத்துவத்தில் முனைவர் படிப்புக்கான பாடங்களையும் 1884–85இல் முடித்தார். ஆனால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவில்லை, கட்டணமும் கட்டவில்லை. அதனால் அந்தப் பட்டம் கைக்கு வரவில்லை. டாக்டர் ரிசால் என்று உலகம் அழைத்தாலும் அந்த டாக்டர் பட்டத்தை மாட்ரிட் அவருக்குக் கொடுக்கவே இல்லை.

மனம் எங்கே இருந்தது என்பதை இந்தப் பட்டியலே சொல்லிவிடுகிறது. அதற்காக மருத்துவம் வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. பட்டம் வாங்கிய கையோடு பாரிஸில் கண் மருத்துவர் லூயி தெ வெக்கரிடமும், அப்புறம் ஹைடெல்பர்க்கில் ஓட்டோ பெக்கரிடமும் போய்த் தொழில் கற்றார். பின்னாளில் ஹாங்காங்கில் அம்மாவின் கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் இவர்தான். வேலைக்கு வேண்டிய மருத்துவத்தை வாங்கிக்கொண்டார், அலங்காரத்துக்கான கடைசிக் காகிதத்துக்குச் செலவழிக்கவில்லை என்று படிப்பதே பொருந்தும்.

1884 ஜூன் 25

மருத்துவப் பட்டம் வாங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. பசிக்கிறது, சாப்பிட எதுவும் இல்லை, கையில் காசும் இல்லை என்று டைரியில் எழுதிய நாள் இது. வெறும் வயிற்றோடு கிரேக்க மொழிப் போட்டிக்குப் போனார். முதல் பரிசு கிடைத்தது.

அன்று மாலை அவர் சாப்பிட்டார். ஒரு நல்ல உணவகத்தில் விருந்து. அந்த ஆண்டு ஸ்பெயினின் தேசிய ஓவியக் கண்காட்சியில் ஹுவான் லூனா என்ற பிலிப்பினோ ஓவியர் தங்கப் பதக்கமும் ஃபெலிக்ஸ் ரெசுர்ரெக்சியோன் ஹிதால்கோ வெள்ளிப் பதக்கமும் வாங்கியிருந்தார்கள். லூனாவின் ஓவியம் மிகப் பெரியது: ரோமாபுரி விளையாட்டரங்கில் செத்த அடிமை வீரர்களின் உடல்களை இழுத்துப்போகும் காட்சி. இருவரையும் கொண்டாட மாட்ரிட்டில் இருந்த பிலிப்பினோக்களும் ஸ்பானிய அறிஞர்கள் சிலரும் கூடினார்கள். அங்கே எழுந்து பேசியவர்களில் ரிசாலும் ஒருவர்.

மேதைமைக்கு நாடு கிடையாது, அது காற்றையும் ஒளியையும்போல எல்லோருக்கும் பொது என்பது அந்தப் பேச்சின் சாரம். மாட்ரிட் மேசையில் அதற்குக் கைதட்டல். ஸ்பெயினையும் பிலிப்பைன்ஸையும் சமமாக வைத்துப் பேசியதில் அங்கிருந்த தாராளவாதிகளுக்கு உறுத்தல் எதுவும் இல்லை. பேச்சு பத்திரிகையில் வந்தது. அந்தப் பத்திரிகை மணிலாவுக்குப் போனது. அங்கே துறவிச் சபைகளுக்கு அது வேறு மாதிரி கேட்டது. அம்மா உடல்நலம் குன்றிப் படுத்துவிட்டார். எனக்குக் கவலை தரும் காரியங்களில் தலையிடாதே என்று மகனுக்கு எழுதினார். அந்தப் பேச்சால் உனக்குப் பகைவர்கள் கூடிவிட்டார்கள், இப்போது ஊர் திரும்புவது உசிதமில்லை என்று பாசியானோ எழுதினார்.

இவர் மாட்ரிட்டில் கற்ற பெரிய பாடம் இந்த ஒரு நாளில் அடங்கியிருக்கிறது. ஒரே அரசு, ஒரே மொழி, ஒரே பேச்சு. ஒரு ஊரில் பாராட்டு, இன்னொரு ஊரில் குற்றம். இது உணர்ச்சிப் பிரச்சினை மட்டுமல்ல. 1876ஆம் ஆண்டு ஸ்பானிய அரசியல் சட்டத்தின் 89ஆம் பிரிவு கடல்கடந்த மாகாணங்களைத் தனிச் சட்டங்களால் ஆளலாம் என்றது. கியூபாவுக்கும் புவேர்த்தோ ரிக்கோவுக்கும் நாடாளுமன்றத்தில் இடம் திரும்பக் கிடைத்தது. 1837இல் இடத்தை இழந்த பிலிப்பைன்ஸுக்குக் கிடைக்கவில்லை. கலாம்பாவிலேயே இருந்தவருக்கு இந்த வித்தியாசம் கேள்விப்பட்ட செய்தி. மாட்ரிட்டில் வாழ்ந்தவருக்கு அது தினசரி அனுபவம். காலையில் காபிக் கடையில் உட்கார்ந்து அமைச்சரைத் திட்டலாம், யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள்.

நவம்பர் கலவரம்

பிடித்துக்கொண்டு போகவும் செய்தார்கள் என்பது சில மாதத்தில் தெரிந்தது. 1884 அக்டோபரில் கல்வியாண்டுத் தொடக்க உரை நிகழ்த்திய வரலாற்றுப் பேராசிரியர் மிகேல் மொராய்த்தா, ஆசிரியருக்கும் அறிவியலுக்கும் சுதந்திரம் வேண்டும் என்று பேசினார். ஆயர்கள் கண்டனம் தெரிவித்தார்கள். மாணவர்கள் மொராய்த்தா பக்கம் தெருவுக்கு வந்தார்கள். நவம்பரில் போலீஸ் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே புகுந்து அடித்தது, பலருக்குக் காயம். துணைவேந்தர் பதவி விலக, அரசு தனக்கு வேண்டியவரை அங்கே உட்காரவைத்தது.

ரிசால் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மூன்று முறை வேடம் மாற்றிக்கொண்டு தப்ப வேண்டியிருந்ததாக வீட்டுக்கு எழுதினார். அந்த நீண்ட கடிதத்தில் பயத்தைவிட உற்சாகமே தெரிகிறது. அம்மாவின் வேண்டுகோளை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அடக்குமுறை மாட்ரிட்டிலும் உண்டு, ஆனால் அங்கே ஸ்பானியப் பேராசிரியர்களும் ஸ்பானிய மாணவர்களும் சேர்ந்து அதை எதிர்க்கிறார்கள் என்று அவர் கண்டார். கிட்டத்தட்ட இதே காலத்தில்தான் தன் முதல் நாவலை எழுதத் தொடங்கினார். 1887இல் பெர்லினில், நண்பர் மாக்சிமோ வியோலா கொடுத்த 300 பெசோவில், 2000 பிரதிகள் அச்சான அந்த நாவல்தான் அவரை ஸ்பானிய அரசின் எதிரியாக்கியது.

ஒப்பிட ஒருவர்

கிராசியானோ லோப்பெஸ் ஹாயெனா, ரிசாலுக்கு முன்பே மருத்துவம் படிக்க ஸ்பெயின் வந்த இன்னொரு பிலிப்பினோ. மேடைப் பேச்சில் ரிசாலைவிடப் பெரியவர். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அரசியலிலும் பத்திரிகையிலும் இறங்கினார். முடித்துவிடு என்று ரிசால் வற்புறுத்தியும் அவர் கேட்கவில்லை. 1889இல் பிலிப்பினோக்களின் முக்கியமான ஏட்டைப் பார்சிலோனாவில் தொடங்கியவர் அவர்தான். 1896இல் அதே ஊரில் காசநோயால், வறுமையில் இறந்தார்.

இதை வைத்து ரிசால் ஒழுக்கமானவர், ஹாயெனா சோம்பேறி என்று எழுதுவது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஹாயெனாவுக்குப் பின்னால் ஒரு பாசியானோ இல்லை என்பதை அந்த ஒப்பீடு மறந்துவிடுகிறது. தாமதமானாலும், குறைந்தாலும், குதிரையை விற்றாவது பணம் அனுப்புகிற ஒருவர் ரிசாலுக்கு ஊரில் இருந்தார். பட்டினி ரிசாலுக்கு ஒரு நாள் டைரிக் குறிப்பு, ஹாயெனாவுக்கு அதுவே வாழ்க்கை.

குடும்பம் கொடுத்த விலை

படிப்புக்குப் பணம் தந்த நிலம் என்ன ஆனது என்பதையும் பார்த்துவிடலாம். ரிசால் 1887இல் ஊர் திரும்பியபோது கலாம்பாக் குத்தகைதாரர்களின் குறைகளை எழுதிக்கொடுக்க உதவினார். பிரச்சினை வழக்காக மாறியது. 1890–91இல் ஆளுநர் வெய்லர் படை அனுப்பிக் குத்தகைதாரர்களை வீடுகளிலிருந்து வெளியேற்றினார். ரிசால் குடும்பமும் அதில் அடக்கம். பாசியானோ மிந்தோரோ தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். நீதி கேட்டு ரிசால் மறுபடி மாட்ரிட் போனார். மாணவராக இருந்தபோது பாராட்டிய நகரம் வழக்காடியாக வந்தபோது கைவிரித்தது. 1896இல், தம்பிக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைப்பதற்காகப் பாசியானோவைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. தம்பி கொல்லப்பட்ட பிறகு புரட்சிப் படையில் சேர்ந்து தளபதியானார். 1930 வரை வாழ்ந்தார்.

இனி லாட்டரி. மாட்ரிட்டில் அந்த மூன்று பெசெட்டாக்கள் எதுவும் கொண்டுவரவில்லை. ஆனால் பழக்கம் விடவில்லை. 1892இல் பிலிப்பைன்ஸின் மிந்தனாவோ தீவில் தப்பித்தான் என்ற ஊருக்கு நாடுகடத்தப்பட்டிருந்தபோது, காவலுக்கு இருந்த அதிகாரியோடும் இன்னொருவரோடும் கூட்டாக வாங்கிய மணிலா லாட்டரிச் சீட்டுக்கு 20,000 பெசோ விழுந்தது. ரிசாலின் பங்கு 6,200. அதில் 2,000 பெசோவை அப்பாவுக்கு அனுப்பினார். மிச்சத்தில் தப்பித்தானுக்குப் பக்கத்தில் நிலம் வாங்கினார், இந்த முறை குத்தகைக்கு அல்ல.